காட்டுற அண்ணை முதலில் ஏற்றிய அடுப்பு

மாண்ட்ரியலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று மனப்பூர்வமாக நம்பும் வழிகாட்டி இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் பகுதியில் அவருக்குப் பெயர் காட்டுற அண்ணை.

நகரத்தின் நடுவே மலை இருக்கிறது. பக்கத்தில் கடல் மாதிரி ஓர் ஆறு இருக்கிறது. பழைய துறைமுகமும் பெரிய பெரிய தேவாலயங்களும் இருக்கின்றன. அண்ணை ஒன்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார். "உதெல்லாம் கலண்டரில இருக்குத் தம்பி. கலண்டரைப் பாக்கவோ இவ்வளவு தூரம் பிளேனில வந்தவை?"

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் யாருக்காவது தெரியுமா என்பதும் சந்தேகம். போனை எடுத்தால் "காட்டுற ஆள் கதைக்கிறன்" என்பார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, கோடையிலும் காதை மூடும் கம்பளித் தொப்பி. காலையில் ஒரு பேக்கரியின் வேனில் ரொட்டி ஏற்றி டவுன்டவுன் உணவகங்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். மத்தியானத்துக்கு மேல் அதே வேனில், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவார். அதைத் தொழில் என்று சொல்ல முடியாது, காசு வாங்க மாட்டார். பொழுதுபோக்கு என்றும் சொல்ல முடியாது, முகத்தில் அவ்வளவு கடமையுணர்ச்சி. ஊரிலிருந்து கொண்டுவந்த மோர் மிளகாய் ஒரு பொட்டலம் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார். கொடுக்காவிட்டால் நினைவுபடுத்துவார்.

அவர் சொல்லும் வரலாற்றுத் தகவல்கள் எதுவும் உண்மை இல்லை. மலைமேல் நிற்கும் சிலுவையை நிலத் தகராறில் வழக்குத் தோற்ற ஒருவர் நட்டுவைத்தார் என்பார். ஆற்றின் நடுவிலுள்ள தீவு முன்பு மிதந்துகொண்டிருந்தது என்பார். செய்தித்தாளில் பல வருடம் மற்றவர்களின் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எல்லாம் தவறு. அவரிடமே சொன்னேன். "தம்பி, அவை அதை நம்பேல்லை. சும்மா கேட்டுக்கொண்டு வருவினம். வான் ஓடேக்கை ஏதும் சத்தம் இருக்கவேணும்" என்றார்.

அவருடைய உண்மையான வித்தை வேறு. வேனில் ஏறியதும் ஒரே கேள்வி கேட்பார். "ஐயா என்ன வேலை செய்தவர்?" பதில் வந்ததும், அந்த வேலை மாண்ட்ரியலில் எங்கே நடக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அதுதான் சுற்றுலா.

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். அவரை மத்தியான இடைவேளை முடிந்து மணியடிக்கும் நேரத்தில் ஒரு பள்ளிக்கூட வேலிக்கு எதிரே நிறுத்தினார். பிள்ளைகள் பிரெஞ்சில் கூச்சல் போட்டபடி வரிசையில் நின்றார்கள். ஐயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூணாவது வரிசை வளையுது" என்றார். மறுநாள் அவராகவே நடந்து போனார். அதற்கடுத்த நாளும் போனார். மகன் ஆசை ஆசையாக நயாகராவுக்கு அழைத்துப் போனபோது, தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: "அருவி நல்லாத்தாம்ல இருக்கு. நாளைக்கு ஸ்கூல் உண்டுல்லா, கெளம்புவமா?"

ஒரு ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டரைத் தண்டவாள வேலி ஓரமாக நிறுத்தியதும் உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பெட்டிகளாக ஒரு சரக்கு ரயில் வந்தது. மனிதர் தோளில் கிடந்த பச்சைச் சால்வையை எடுத்து ஆட்டினார். எஞ்சின் டிரைவர் ஹாரன் அடித்தார். "எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கல" என்று அவர் மனைவி வேனுக்குள்ளிருந்தே சொன்னார்.

தோல்வியும் இருந்தது. கும்பகோணத்து பஸ் கண்டக்டர் ஒருவரைப் பேருந்தில் ஏற்றிக் கடைசி நிறுத்தம்வரை கூட்டிப்போனார். இங்கே பேருந்தில் கண்டக்டர் கிடையாது. பெரியவர் இறங்கும்போது, "அப்ப ஆளுங்களை யாரு உள்ள தள்ளிப் போகச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அண்ணை அன்றைக்கு மோர் மிளகாய் வாங்கவில்லை.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் என் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வந்தார்கள். ஜூலைக் கடைசியில் என் மனைவி வித்யாவுக்குப் பிரசவம். அவளுடைய அம்மாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால் அவரால் வர முடியாது. அம்மா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இருவரும் இருந்தோம்.

நான் முறைப்படி ஊர் காட்டினேன். மலை, துறைமுகம், அருங்காட்சியகம் ஒன்றையும் விடவில்லை. அம்மா எல்லாவற்றையும் பார்த்து "நல்லா இருக்கு" என்றார். மலைக்கும் அதே குரல், மெட்ரோவின் நகரும் படிக்கும் அதே குரல். வீட்டில் பாத்திரம் கழுவ இயந்திரம். துணிக்கு இயந்திரம். பிரசவத்துக்கு நானும் வித்யாவும் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே எனக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் செய்து காட்டியபோது அம்மா சிரிக்கவில்லை. "எல்லாம் அவங்களே சொல்லித் தந்துடறாங்க. நல்லா இருக்கு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "டிக்கெட்டை ஜூலை மொத வாரத்துக்கு மாத்த முடியுமான்னு பாரு. உங்கம்மா போலாங்கறா."

"வித்யாவுக்கு மாசக் கடைசியிலப்பா."

"அதான் நானும் சொன்னேன். எல்லாம் ஏற்பாடா இருக்கு, எனக்கு இங்க என்ன வேலைங்கறா. அவ போறான்னா நானும் போகணும். எனக்குக் காபி போடத் தெரியாது."

வித்யாவிடம் சொன்னேன். அவள் பருப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அத்தையை நான் எதுவும் சொல்லலியே" என்றாள். பிறகு, "காட்டுற அண்ணையைக் கூப்பிடுங்க" என்றாள்.

அண்ணை மறுநாளே வந்தார். வேனுக்குள் ரொட்டி வாசனை. அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நெடுஞ்சாலைத் துறை. உதவிக் கோட்டப் பொறியாளர்" என்றார் அப்பா, முதுகை நிமிர்த்தி.

அண்ணை ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "ஐயா, நீங்கள் வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறியள்."

மாண்ட்ரியலுக்கு வந்தவர்களுக்குக் காரணம் புரியும். கோடை வந்தால் தெருக்களெல்லாம் சாலை வேலைக்கான ஆரஞ்சுக் கூம்புகள் முளைத்துவிடும். எங்கு பார்த்தாலும் பள்ளம். அப்பாவை அடுத்த தெருப் பள்ளத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அப்பா பிளாஸ்க்கில் காபியோடு காலையில் கிளம்பிவிடுவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்பார். மேஸ்திரி தாடிவைத்த பெரிய ஆள். அவர் "பொன்ஜூர்" என்பார், அப்பா "குட் மார்னிங்" என்பார், அதற்குமேல் இருவருக்கும் கையால்தான் சண்டை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் அதே குழியைத்தான் தோண்டறான். நம்ம டிபார்ட்மெண்டே தேவல" என்பார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அம்மாவிடம்தான் அண்ணை மாட்டிக்கொண்டார்.

"அம்மா என்ன வேலை செய்தனீங்கள்?"

"நானா? சும்மா வீட்டுலதாங்க தம்பி இருந்தேன்."

அண்ணையின் முகம் மாறியது. ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போனார். சடை பின்னித் தொங்கவிட்ட பூண்டைக் காட்டினார். மேப்பிள் பாகை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நல்லா இருக்கு. கோயிலுக்குக் கூட்டிப்போனார். நல்லா இருக்கு. குழந்தைகள் காப்பகத்திலிருந்து வாண்டுகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலமாகப் போவதைக் காட்டினார். இதைப் பார்த்து உருகாதவர்கள் கிடையாது. அம்மா கொஞ்சம் யோசித்தார். "கயிறு நல்லா இருக்கு" என்றார்.

அன்றைக்கு அண்ணை எனக்குப் போன் செய்தார்.  "தம்பி, 'நல்லா இருக்கு' எண்டிறது ஆஸ்பத்திரியில கிடக்கிற வருத்தக்காரர் சொல்லுற சொல்லு. என்னட்டை வந்த ஒருத்தரும் ரிக்கெற்றை முன்னுக்கு மாத்தினதில்லை. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டுப் பிரயோசனமில்லை. என்னத்துக்குக் கோவிப்பா? அதைச் சொல்லுங்கோ."

நான் யோசித்தேன். அம்மா எளிதில் கோபப்படுகிறவர் இல்லை. ஒருமுறை தருமபுரியில் லாரியை நிறுத்தியது ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வரும். பெரம்பலூர், ராமநாதபுரம், தருமபுரி என்று தமிழ்நாட்டின் வரைபடம் முழுக்க நாங்கள் குடியிருந்திருக்கிறோம். அப்பா வேலையில் சேர வேண்டுமென்று முன்னால் போய்விடுவார். வீட்டைக் கட்டி ஏற்றி, இன்னொரு ஊரில் இறக்கிப் பிரிப்பது அம்மா. தருமபுரியில் லாரிக்காரர்கள் பீரோக் கண்ணாடியைப் படுக்கவைத்து அதன்மேல் ஆட்டுக்கல்லை ஏற்றிவிட்டார்கள். அம்மா லாரியின் முன்னால் போய் நின்று, ஏற்றிய அத்தனையையும் இறக்கவைத்தார். இதை ஒரு வேடிக்கையாகத்தான் அண்ணையிடம் சொன்னேன்.

அண்ணை கலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. 

"தம்பி, ஜூலை ஒண்டாந் திகதி அம்மாவை என்னட்டை விடுங்கோ. ரிக்கெற்றைப் பேந்து பாப்பம், அதுக்குப் பிறகு."

இந்த ஊரில் ஒரு விநோதம் உண்டு. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசி நாளில் முடியும். அதனால் ஜூலை ஒன்றாம் தேதி ஊரே வீடு மாறும். ஒரே நாளில், எல்லோரும். தெருவெங்கும் மெத்தைகள், சோபாக்கள், பூந்தொட்டிகள். இங்கே வாடகை வீட்டில் பல நேரம் அடுப்பும் ஃபிரிட்ஜும்கூட இருக்காது, அவரவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுப் படிகளோ வெளிப்புறத்தில் இரும்பில் சுருண்டு சுருண்டு ஏறும். அந்தப் படிகளில் ஃபிரிட்ஜை இறக்க உலகத்தின் வேறெந்த மூலையிலும் இவ்வளவு பேர் ஒரே நாளில் முயற்சி செய்ய மாட்டார்கள்.

அன்றைக்கு அரசு விடுமுறை. பள்ளத்துக்கும் விடுமுறை என்பதால் அப்பாவும் வேனில் ஏறிக்கொண்டார். எனக்கும் வேலை இல்லை. வேன் முதல் தெருவில் திரும்பியது. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முன்னால் சாய்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி, ஊரே காலி பண்ணுது? எல்லாருக்கும் ஒரே நாள்ல மாத்தலா?"

"ஓம் அம்மா" என்றார் அண்ணை, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். ஒரு மூன்று மாடி வீட்டின் சுருள் படியில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபிரிட்ஜின் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

"வண்டியை நிறுத்துங்க" என்றார் அம்மா.

அண்ணை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். லாட்டரி விழுந்தவன் முகம்.

அம்மா இறங்கி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்குக் கீழே போய் நின்றார். "யம்மா! கதவைக் கட்டாம யாராவது ஃபிரிட்ஜைத் தூக்குவாங்களா? நில்லுங்க அப்படியே!"

தமிழ்தான். ஆனால் இருவரும் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அண்ணை ஓடிப்போய் நெடுநேரம் பிரெஞ்சில் விளக்கினார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா இந்தியாவில வீடு மாத்திற திணைக்களத்துக்குப் பெரிய அதிகாரி எண்டு சொன்னன்."

அம்மா கைப்பையைத் திறந்தார். திருச்சியிலிருந்து பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுவந்த நைலான் கயிறு சுருட்டி உள்ளே இருந்தது. இந்த ஊரில் அதை ஏன் தினமும் கைப்பையில் எடுத்துப் போனார் என்று தெரியாது. கதவு இறுகியது. அப்பா கீழே நின்று தாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஃபிரிட்ஜ் ஒரு கீறல் இல்லாமல் தரைக்கு வந்தது. அந்தப் பெண் அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "இருக்கட்டும், இருக்கட்டும். கண்ணாடியை எதுல வச்சிருக்கீங்க?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அவரை வேனில் ஏற்ற முடியவில்லை. தெருவை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். வேன் பின்னால் ஊர்ந்தது. கனம் கீழே. கண்ணாடி நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. சாமி படம் மடியில். சாமி படம் இல்லாதவர்கள் பூனையை மடியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருந்தது. "அடுப்பைக் கடைசியா ஏத்தணும். அப்பத்தான் மொதல்ல இறங்கும். போன ஒடனே பால் காய்ச்ச வேணாமா?" அண்ணை அதைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, மாண்ட்ரியல்காரர்கள் தங்கள் லாரிகளைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் அப்பாவும் எத்தனை மெத்தைகளுக்குத் தோள் கொடுத்தோம் என்பது தெரியாது. "காட்டறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து சுமை தூக்க வைக்கிறாருடா உங்க அண்ணை" என்றார் அப்பா, மூச்சு வாங்க. ஆனால் அவர் கண் அம்மாவின் மேல்தான் இருந்தது. "இவ இதையெல்லாமா பண்ணிட்டிருந்தா?" என்றார் மெதுவாக. அவர்தான் எப்போதும் முன்னால் போய்விடுவாரே. ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வெயில் சாயும்போது அண்ணை வேனை ஒரு சந்துக்குள் திருப்பினார். அங்கே ஒரு சின்ன லாரி நின்றது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

"அம்மா, களைப்போ? இன்னும் ஒரு வீடு கிடக்கு."

அம்மா லாரிக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டிகள், ஒரு கட்டில், பெட்டிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு சுவராக, அடுப்பு.

"எந்த மடையன் அடுப்பை மொதல்ல ஏத்தினது?"

அண்ணை தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். "அந்த மடையன் நான்தான் அம்மா."

அடித்தளத்து வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுக்கு மாறுகிறார். தனி ஆள். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வழிகாட்டியவருக்கு உதவிக்கு ஒருவரைக் கூப்பிடத் தோன்றவில்லை.

"அப்ப இதுக்குத்தான் எங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"பாதிக்குப் பாதி ஐயா" என்றார் அண்ணை, பொய் சொல்லாமல்.

அம்மா வாதத்துக்கு நிற்கவில்லை. "எல்லாத்தையும் இறக்குங்க" என்றார். பெட்டிகள் நடைபாதைக்கு வந்தன. ஒரு பெட்டி தூக்கவே முடியாத கனம். அம்மா திறந்தார். உள்ளே பாட்டில் பாட்டிலாக மோர் மிளகாய். பாட்டிலில் கொட்டாத பொட்டலங்களும் இருந்தன. அடுத்த பெட்டியிலும் அதேதான். எதிலிருந்தும் ஒரு மிளகாய்கூட எடுக்கப்படவில்லை.

"திங்க மாட்டீங்களா தம்பி?"

"வயித்துப் புண் அம்மா. உறைப்பு ஏலாது."

"அப்புறம் எதுக்குக் கேட்டுக் கேட்டு வாங்கறீங்க?"

அண்ணை தொப்பியைக் கையில் சுருட்டினார். "நான் வாங்காட்டில் அவைக்கு நித்திரை வராது. திண்டால் எனக்கு நித்திரை வராது. அதுதான் வாங்கி வைக்கிறன்."

அம்மா பெட்டியை மூடி, "இது கனம். இது கீழ" என்றார்.

புது வீட்டில் அடுப்பு முதலில் மேலே போனது. தெருமுனை டெப்பனேர் கடைக்கு என்னைப் பாலுக்கு அனுப்பினார். பால் பொங்கி வழிந்து சூடான தகட்டில் கருகியது. புகை எச்சரிக்கை மணி கட்டடம் முழுக்க அலறியது. எதிர்வீட்டுக்காரர் காலுறையோடு ஓடிவந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் பால் கிடைத்தது. பிறகு அம்மா சமையலறை அலமாரியின் மேல்தட்டில் மோர் மிளகாய் பாட்டில்களை உயரவாரியாக நிறுத்தினார். அண்ணை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பார்க்க வந்தவர் மாதிரி.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சத்தம். போய்ப் பார்த்தால் எல்லா டப்பாக்களும் தரையில். அம்மா அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வயித்துப் புள்ளக்காரி எட்டி எடுக்கற மாதிரியா வச்சிருக்கு?" வித்யா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் வருடக்கணக்காக அடுக்கியது. நான் பயந்துகொண்டிருந்தேன்.

"அத்தை, பருப்பு டப்பா எங்க?"

"நீ ஏன் தேடற? கேளு, எடுத்துத் தர்றேன்."

வித்யா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டிக்கெட்டைப் பற்றி அப்பா அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. பள்ளத்துக்குப் போவதற்கு முன் மட்டும் அம்மாவிடம் காபி போடக் கற்றுக்கொண்டார்.

மகள் பிறந்தாள். மூச்சுப் பயிற்சியை நான் மறந்துவிட்டேன். அம்மாதான் வித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணை ரொட்டியோடு வந்து தொட்டிலைக் குனிந்து பார்த்து, "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?" என்று குழந்தையிடம் கேட்டார். அது கொட்டாவி விட்டது.

அப்பாவும் அம்மாவும் ஊர் திரும்பிவிட்டார்கள். திருச்சியிலிருந்து யாராவது வந்தால் அம்மா அண்ணைக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறார். உறைப்பில்லாத கொத்தவரங்காய் வற்றல். அதை மட்டும் அவர் பிரித்துச் சாப்பிடுகிறார்.

போன வாரம் அவரிடமிருந்து போன். "தம்பி, அம்மா திரும்ப எப்ப வாறா? நான் வீடு மாறப்போறன்."

"அந்த வீடு நல்லாத்தானே இருக்கு அண்ணே? எங்க மாறப்போறீங்க?"

"அதைப் பேந்து பாப்பம். முதல் அவவைக் கேளுங்கோ."

அம்மாவிடம் சொன்னேன்.  "நான் வர்ற வரைக்கும் அடுப்புல கை வைக்க வேணாம்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லு" என்றார்.